சில்காமாயோ பல் மருத்துவமனையின் நான்கு திறப்பு விழாக்கள்

முதல் திறப்பு விழா கட்டிடத்துக்கு நடந்தது. சுவருக்குப் பல் நிறத்தில் வெள்ளையடித்து, வாசலில் ரிப்பன் கட்டி, பிராந்தியச் சுகாதார இயக்ககத்திலிருந்து மூன்று ஜீப் நிறையப் பெரிய மனிதர்கள் வந்து இறங்கினார்கள். ஊர் இசைக்குழு வாசித்தது. முதல் வரிசையில் சோசிமோ நினவாங்கா கன்னம் உப்ப சாக்ஸபோன் ஊதினான். எல்லாம் முடிந்து ஜீப்புகள் திரும்பிப் போன பிறகுதான், உள்ளே பல் பார்க்க ஒருவரும் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது.

பெரு நாட்டின் அந்த மலைப்பக்கத்தில் புதிதாக எது வந்தாலும், அது லாரியோ, குளிர்பெட்டியோ, திடலில் நட்ட கோல் கம்பமோ, ஒரு ஞானத்தந்தையைப் பிடித்து, ரிப்பன் சுற்றித் தொங்கவிட்ட ஷாம்பெயின் பாட்டிலைக் குட்டிச் சுத்தியலால் உடைக்கச் சொல்வார்கள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால்தான் அந்தப் பொருள் வந்ததாகக் கணக்கு. சத்தம் கேட்டதும் ஜனம் கைதட்டும், இசைக்குழு ஆட்டப்பாட்டு எடுக்கும், பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். லாரி விஷயத்தில் இது நல்ல வழக்கம். சாப்பாடு முடிந்ததும் லாரி ஓடும். இயக்ககத்துக்காரர்கள் வழக்கத்தைச் சாப்பாடு வரைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சோசிமோவுக்கு அப்போதே மேல்வரிசை முன்பல் ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தச்சனுக்கோ உருளைக்கிழங்கு வியாபாரிக்கோ முன்பல் ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும் என்று இருக்கலாம். சாக்ஸபோன்காரனுக்கு அப்படியில்லை. வாத்தியத்தின் ஊதுவாயை மேல் முன்பற்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். பல் போனால் சுருதி போகும், சுருதி போனால் சோறு போகும். ஜூலைக் கடைசியில் சந்தியாகோ திருவிழா. மாடுகளுக்குக் காதில் வண்ண ரிப்பன் கட்டி, ஊரே தெருவில் ஆடும். அந்தச் சில நாள் வாசிப்பில்தான் சோசிமோ வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது. இசைக்குழுத் தலைவர் இலாரியோ, சோசிமோவின் மகளுக்கு ஞானத்தந்தை. ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"கொம்பாத்ரே, உன் பல்லு ஆடுறது எனக்கே காதுல கேக்குது. மேல் ஸ்தாயில போறப்ப ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு. திருவிழாக்குள்ள சரி பண்ணிரு. இல்லேன்னா பக்கத்தூர் ரோமுலோவத்தான் கூப்பிடணும். அவனுக்கு முன்பல்லு ரெண்டும் தங்கத்துல இருக்கு, அசையாது."

ரோமுலோ என்ற பெயரைக் கேட்டதுமே சோசிமோவுக்குப் பல் கூடுதலாக ஒருமுறை ஆடியது.

முதலில் நகரத்து அரசு மருத்துவமனைக்குப் போனான். சில்காமாயோக்காரர்கள் காலங்காலமாகப் பல்லுக்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பெண் அவனுடைய காப்பீட்டு அட்டையை வாங்கிக் கணினியில் தட்டினாள்.

"உங்க ஊர்லயே பல் ஆஸ்பத்திரி திறந்துட்டாங்களே, அண்ணே! இனிமே நீங்க அங்கதான் பாக்கணும். இங்க பாக்க முடியாது."

"அங்க டாக்டர் இல்லம்மா."

"அது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல திறந்திருக்கு."

தனியாரிடம் போகலாமென்றால், அங்கே சொன்ன தொகைக்குச் சாக்ஸபோனையே விற்றிருக்க வேண்டும். விற்ற பிறகு எந்தப் பல் இருந்தால் என்ன? ஊர் திரும்பினான்.

மருத்துவமனை ஜன்னலில் செல்மிரா உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிப் பெருக்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். வேறு யாரும் இல்லாததால் ஜன்னலும் அவள் பொறுப்பாயிற்று.

"டாக்டர் இருக்காரா?"

"நாற்காலி இருக்கு. அருமையான நாற்காலி. பொத்தானை அமுக்கினா படுக்கை மாதிரி சாயும்."

"டாக்டரை எப்பப் போடுவாங்க?"

"அசிஸ்டென்ட் இருக்கிற எடத்துலதான் டாக்டரப் போடலாமாம். அசிஸ்டென்டத் தேர்ந்தெடுக்கணும்னா அந்த எடத்து டாக்டர் கையெழுத்துப் போடணுமாம்."

சோசிமோ இதை மனசுக்குள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கமும் கதவு தெரியவில்லை.

"இன்னொரு வேலை இருக்குன்னாங்களே? கருவியெல்லாம் கொதிக்க வைக்கிற டெக்னீஷியன்?"

"அந்த ஆளப் போடணும்னா, போன மாசம் எத்தனை கருவி அழுக்காச்சுன்னு காட்டணும்."

"ஒண்ணுகூட அழுக்காகலையே?"

"அதுக்குத்தான் மாகாணத்துலயே சுத்தமான ஆஸ்பத்திரின்னு பாராட்டுப் பத்திரம் குடுத்திருக்காங்க. அந்தா, மாட்டி வச்சிருக்கேன், பாருங்க."

பாராட்டுப் பத்திரம் கோணலாகத் தொங்கியது. போகிற போக்கில் சோசிமோ அதை நேராக்கிவிட்டு வந்தான்.

இரண்டாவது விழா காற்றழுத்த இயந்திரத்துக்கு. அது பல்லைக் குடையும் சுழல்கருவியை ஓட்டுவதற்கான இயந்திரம். சுழல்கருவியைப் பிடிக்கத்தான் கை இல்லை. இம்முறை இயக்குநர் அபெலார்தோ சுமாயெத்தாவே வந்தார். அவரும் பல் மருத்துவம் படித்தவர்தான். கடைசியாக அவர் ஒரு வாயைத் திறந்து பார்த்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. சொந்த வாயைத் திறப்பதில் மட்டும் அவருக்குக் கைப்பழக்கம் விட்டுப்போகவில்லை.

"சிலர் ஆள் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை என்று புலம்புகிறார்கள்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். "பற்றாக்குறை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள். நம்மிடம் ஒன்றுமா இல்லை? மூன்று காலியிடங்கள் இருக்கின்றன! பக்கத்துப் பிராந்தியத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு ஊருக்கு ஒரு காலியிடம்கூட அவர்களால் காட்ட முடியாது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்கவில்லை. பிராந்தியத்தில் இருந்த பல் மருத்துவர்கள் அத்தனை பேரையும் அவரவர் ஊர்களிலிருந்து வரவழைத்து ஒரு உயர்மட்டக் குழு அமைத்திருக்கிறேன். ஊர்களில் ஏன் பல் மருத்துவர்கள் இல்லை என்பதை அந்தக் குழு இரவு பகலாக ஆராய்ந்து வருகிறது!"

ஞானத்தந்தையான நகராட்சித் தலைவர் பாட்டிலை உடைத்தார். ஜனம் கைதட்டியது. சோசிமோ ஆடும் பல்லோடு ஆட்டப்பாட்டு ஊதினான். சாப்பாட்டுப் பந்தலில், குழியில் வெந்த ஆட்டுக்கறியை இயக்குநர் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் போனான்.

"டாக்டர், எனக்கு ஒரு பல்லு ஆடுது."

"எந்தப் பல்லு?"

"முன்பல்லு, டாக்டர்."

"குடுத்து வச்சவர்யா நீங்க. முன்பல்லுன்னா நீங்களே கண்ணாடில பாத்துக்கலாம். கடைவாய்ப் பல்லுக்காரங்க என்ன பண்ணுவாங்க, பாவம்!" என்று சொல்லிவிட்டு இயக்குநர் எலும்பை உறிஞ்சினார். அவருக்கு எல்லாப் பல்லும் நன்றாகவே இருந்தன.

ஆனால் உலகத்தில் தவறுதலாக நல்லதும் நடந்துவிடுகிறது. யாரோ ஒரு குமாஸ்தா ஏதோ ஒரு காகிதத்தைக் கவனிக்காமல் முத்திரை குத்தியதில், பல்கலைக்கழகப் படிப்பை அப்போதுதான் முடித்த ஃபியொரெலா என்ற டாக்டர் பெண் சில்காமாயோவுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே சோசிமோவை நாற்காலியில் சாய்த்தாள். விளக்குப் பிடிக்க ஆளில்லாமல் செல்மிராவைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு விரலால் பல்லை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"இத எடுக்க வேண்டாம், மாஸ்டர். ஈறைச் சுத்தம் பண்ணி, பக்கத்துப் பல்லு ரெண்டோட சேத்துக் கம்பி கட்டிட்டா நின்னுரும். எங்கிட்ட கம்பி இல்ல. நகரத்துக்குப் போயி வாங்கிட்டு வரேன். திங்கக்கிழமை வாங்க."

"ஊதலாமா, டாக்டர்?"

"திருவிழாவுல நானே உங்க முன்னாடி நின்னு ஆடுவேன், போதுமா?"

அன்று சோசிமோ வீட்டுக்குப் போய், மனைவி எர்மெலிண்டாவின் இடுப்பைப் பிடித்துச் சமையலறையில் ஒரு சுற்று ஆடினான். அவள் கையிலிருந்த பாலாடைக்கட்டி கீழே விழுந்தது. அவள் திட்டவில்லை.

திங்கட்கிழமை போனான். ஜன்னலில் செல்மிரா மட்டும் இருந்தாள்.

"அவங்களுக்குப் பதவி உயர்வு குடுத்துட்டாங்கண்ணே" என்றாள். "அசிஸ்டென்ட் இல்லாம வேலை பாக்கிறது எப்படி இருக்கும்னு நேர்ல பாத்த டாக்டர் இந்தப் பிராந்தியத்துலயே அவங்க ஒருத்திதானாம். குழுவுக்கு அந்த அனுபவம் வேணுமாம். ஜீப்பு வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. புள்ள அழுதுகிட்டே போச்சு."

"கம்பி?"

"கம்பியும் கூடப் போச்சு."

மூன்றாவது விழா, வரிசை எண் கொடுக்கும் இயந்திரத்துக்கு. டாக்டரைப் பார்க்க வருபவர்கள் முண்டியடிக்கக் கூடாது என்பதற்காக வாங்கினார்களாம். உயர்மட்டக் குழு முழுவதும் மேடையில் வந்து உட்காரப் போகிறது என்று தெரிந்ததும் எர்மெலிண்டாவுக்கு நம்பிக்கை வந்தது.

"பதினோரு பல் டாக்டருய்யா! ஒரே நேரத்துல, ஒரே எடத்துல! அதுல ஒருத்தருக்காவது மனசு எளகாதா? நீ சும்மா நிக்காத. பல்லக் காட்டிக்கிட்டே நில்லு."

அவன் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றான். விழா தொடங்கும் நேரத்தில்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. விதிப்படி ரிப்பனின் ஒரு முனையை அசிஸ்டென்ட் பிடிக்க வேண்டும். பாட்டிலை டெக்னீஷியன் ஏந்த வேண்டும். கத்தரிக்கோல் தட்டை மருத்துவமனையின் டாக்டர் நீட்ட வேண்டும். நோயாளிகளுக்கு ஆள் இல்லாதபோது ஒரு வருஷம் பொறுத்திருந்த இயக்ககம், ரிப்பனுக்கு ஆள் இல்லை என்றதும் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. இயக்குநரின் கண் சோசிமோ மேல் விழுந்தது.

"நீங்க வாங்க, மாஸ்டர். அந்த வாத்தியத்த கீழ வைங்க. இந்தக் கையில தட்டு. அந்தக் கையில பாட்டில்."

"ரிப்பன், டாக்டர்?"

"வாய் சும்மாதானே இருக்கு?"

"டாக்டர், பல்லு ஆடுது..."

"பட்டு ரிப்பன்யா, இரும்புச் சங்கிலியா? விழா முடியட்டும், உங்க பல்ல நானே பாக்கறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக சோசிமோ மூன்று விழா ஊதியிருந்தான். வாயைத் திறந்தான். பட்டு வழுக்கியது. விழா ஏற்பாட்டு அதிகாரி அம்மாள் முன்னால் வந்து, ரிப்பன் முனையை அவன் முன்பல்லில் ஒரு சுற்றுச் சுற்றி, அழகாக ஒரு முடிச்சும் போட்டார். படிப்பால் அவரும் பல் மருத்துவர்தான். அவன் வாயில் கை வைத்த இரண்டாவது டாக்டர் அவர்.

மறுமுனை கதவுக் கைப்பிடியில் கட்டியிருந்தது. இயக்குநர் கத்தரிக்கோலை எடுத்தார். சாணை பிடிக்க வேண்டிய டெக்னீஷியன் வேலை காலியாக இருந்ததால் கத்தரிக்கோல் மொட்டையாக இருந்தது. ஒருமுறை வெட்டினார், மடிந்தது. இன்னொருமுறை வெட்டினார், மென்றது. படம் பிடிக்கிறவர்கள் காத்திருந்தார்கள். இயக்குநரின் சிரிப்பு இறுகியது. கத்தரிக்கோலை வீசிவிட்டு ரிப்பனை இரண்டு கையாலும் பற்றி, பிடுங்கினார்.

ரிப்பன் அறவில்லை. பல் வந்துவிட்டது.

சோசிமோ வலியில் கத்தவில்லை. ரிப்பன் முனையில் ஆடிக்கொண்டிருந்த பல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். இரத்தம் மோவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த எர்மெலிண்டாதான் கத்தினாள்.

"ஐயோ, யாராச்சும் பல் டாக்டர் இருக்கீங்களா?"

மேடையிலிருந்த பதினோரு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், கூட்டத்தில் பல் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று. ஃபியொரெலா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "குழுவுல இருக்கிறவங்க களத்துல தலையிடக் கூடாதும்மா. ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்."

இயக்குநர் நொடியில் சமாளித்துக்கொண்டார். ரிப்பனை உயரத் தூக்கிப் பிடித்தார். "நண்பர்களே! சில்காமாயோ மருத்துவமனையின் முதல் சிகிச்சையை இப்போது கண்டீர்கள்! மருத்துவர் இல்லை, அசிஸ்டென்ட் இல்லை, மயக்க ஊசி இல்லை! ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று சொன்னவர்கள் எங்கே?"

ஜனம் கைதட்டியது. எதற்கென்று தெரியாமலே தட்டியது. செல்மிரா மட்டும் ஓடிவந்து, சுத்தமான துணியைச் சுருட்டி சோசிமோவின் வாயில் வைத்து அழுத்தினாள்.

திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இலாரியோ வந்து கண்ணைப் பார்க்காமல் பேசினார். "ரோமுலோகிட்டச் சொல்லி வச்சிருக்கேன், கொம்பாத்ரே. நீ வேணும்னா பெரிய மேளம் அடி. அதுக்குப் பல்லு வேணாம்."

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. நகரத்துச் சந்தையில் பல்செட் கட்டுகிற ஒரு ஆள் இருந்தான். டாக்டர் இல்லை, ஆனால் கை நல்ல கை. அவன் சோசிமோவின் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "புதுப் பல்லு லிமாலேர்ந்துதான் வரணும், திருவிழா தாண்டிரும். உன் சொந்தப் பல்லக் கொண்டா. அண்ணத்துல மாட்டுற தட்டுல பதிச்சுக் கொக்கி போட்டுத் தரேன். காலையில குடுத்தா சாயங்காலம் ஊதலாம்."

சோசிமோ அடுத்த பஸ்ஸில் ஊருக்கு ஓடினான். மருத்துவமனைக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டின் மேல் அவன் பல் இருந்தது. கீழே பித்தளைத் தகடு: 'முதல் சாதனை.'

"செல்மிரா, எம்பல்லக் குடு."

"அது இப்ப ஆஸ்பத்திரிச் சாமான்ணே. நாற்காலி, விளக்கு, மெஷினு, பல்லு ஒண்ணுன்னு ஏத்திட்டாங்க."

"என் வாயில இருந்த பல்லும்மா!"

"இருந்துச்சு. இப்ப வெளிய குடுக்கணும்னா இந்த ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போடணும்."

"சரி, அவரு எப்ப வருவாரு?"

செல்மிரா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இனிமே வர மாட்டாருண்ணே. மூணு வேலையையும் ரத்து பண்ணிட்டாங்க. மூணு பேரு செய்ய வேண்டியத ஒரே ஆளு ரெண்டு கையாலயும் ஒரு வாயாலயும் செஞ்சு காட்டிட்டாருன்னு குழு எழுதிக் குடுத்திருச்சாம். அந்த ஆளு நீங்கதான். அதக் கொண்டாட வெள்ளிக்கிழமை இன்னொரு விழா. உங்களத்தான் ஞானத்தந்தையாப் போட்டிருக்காங்க."

சோசிமோவுக்குப் பல் போனபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. செல்மிரா பெட்டியின் மேல் துணியை ஓட்டினாள்.

"பூட்டுச் சாவி இயக்குநர்கிட்ட இருக்கு" என்றாள். "கண்ணாடிதான் ரொம்ப லேசு. தொடைக்கவே பயமா இருக்கு."

நான்காவது விழா அந்தப் பெட்டியின் முன்னாலேயே நடந்தது. பெட்டிக்கு மேலே பாட்டில் தொங்கியது. இசைக்குழுவில் சோசிமோவின் இடத்தில் ரோமுலோ தங்கப் பற்கள் மின்ன நின்றான். குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"பெருமையோடு அறிவிக்கிறேன். இன்றைய தேதியில் சில்காமாயோவில் நிரப்பப்படாத பல் மருத்துவப் பணியிடம் ஒன்றுகூட இல்லை! எப்படிச் சாதித்தோம்? பணியிடங்களை எடுத்துவிட்டோம்! இதே முறையில் பிராந்தியம் முழுவதும் பற்றாக்குறையை அடுத்த ஆண்டுக்குள் ஒழித்துவிடுவோம். சில்காமாயோ மக்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பல்லை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நம் ஞானத்தந்தை இரண்டு வார்த்தை பேசுவார்."

ரிப்பன் சுற்றிய குட்டிச் சுத்தியலை சோசிமோவின் கையில் கொடுத்தார்கள்.

"ரொம்ப நன்றி, டாக்டர்" என்றான் சோசிமோ. பல் போன சந்தில் காற்று சீறியது. "விழா முடிஞ்சதும் எம்பல்லப் பாக்கறேன்னு சொன்னீங்க. நீங்க சிரமப்பட வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

சுத்தியலை ஓங்கிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டான்.

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் வேண்டும். ஜனம் கைதட்டியது. இசைக்குழு ஆட்டப்பாட்டு எடுத்தது. மேடையிலிருந்த பதினோரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஃபியொரெலா விசிலே அடித்தாள். பழக்கதோஷத்தில் இயக்குநரும் சிரித்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார். மேலே பாட்டில் முழுசாகத் தொங்குவதை அவர் கவனித்தபோது, சோசிமோ பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கூடத்தைத் தாண்டியிருந்தான். வாசலில் எர்மெலிண்டா நகரத்துக்குப் போகிற வேனை நிறுத்தி, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு ஓட்டுநரைக் கிளம்பவிடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

"அது அரசாங்கச் சொத்து! பிடிங்க அவன!" என்று இயக்குநர் அலறினார். "எங்கய்யா வாட்ச்மேன்?"

"அந்த எடமும் காலிதான், டாக்டர்" என்றாள் செல்மிரா. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் தூளைக் கூட்டத் தொடங்கினாள்.

சந்தியாகோ அன்று மாடுகள் ரிப்பன் காதோடு தெருவில் வந்தன. முதல் வரிசையில் சோசிமோ நின்று ஊதினான். ரோமுலோ பெரிய மேளம் அடித்தான்.